மண்வாழ் மதுவம் ஒன்று மூளைநோய் ஆன வரலாறு

பங்கசு என்னும் உயிர்க்கூட்டம் மிகப் பரந்தது. விழுந்த மரத்தை உக்கச் செய்வதும், பாண்மாவைப் பொங்கச் செய்வதும், வியர்வை படிந்த தோலிற் தேமலாய்ப் படர்வதும் பங்கசுகளே. ஆயினும், மனிதனின் உள்ளுறுப்புக்களைச் சென்றடைந்து அவனது உயிரைப் பறிக்க வல்லவை அவற்றுள் மிகச் சில. இதற்கு முதன்மையான காரணம் மனித உடலின் வெப்பமே எனலாம். மண்ணிலும் மரத்திலும் வாழப் பழகிய பங்கசுகளுட் பெரும்பாலானவை 37 பாகை செல்சியசில் வளரமாட்டா. அவ்வெப்பத்தைத் தாங்கிய ஒருசிலவும் குருதியிலுள்ள தின்குழியங்களுக்கு இரையாகிவிடும். இவ்விரு தடைகளையுங் கடந்து, மூளையைச் சூழ்ந்த மென்சவ்வுகளிற் குடிபுகுந்து, ஆண்டுதோறும் பல்லாயிரவரைக் கொல்லும் மதுவம் ஒன்று உண்டு. கிரிப்டோகொக்கசு நியோபோமன்சு என்பது அதன் பெயர். அம்மதுவம் மனித உடலினுள் எவ்வாறு உயிர் தப்புகின்றது என்னும் வினாவிற்கு விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அந்நூற்றாண்டின் வரலாறு, கண்முன் கிடந்ததைப் பிழையாக வாசித்த அறிஞரின் வரலாறாகவும் அமைந்துள்ளது.

1894ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கிறைவ்ஸ்வால்ட் நகரில், முப்பத்தொரு வயதான பெண்ணொருத்தியின் கீழ்க்கால் எலும்பில் தோன்றிய புண்ணிலிருந்து ஒட்டோ புசே என்னும் நோயியலறிஞர் வட்டவடிவான மதுவக் கலங்களைப் பிரித்தெடுத்தார். அதே நோயாளியை ஆராய்ந்த ஏபிரகாம் புஷ்கே அடுத்த ஆண்டில் தமது முடிவுகளை வெளியிட்டார். அப்பெண் பிழைக்கவில்லை. நோய் நெடுங்காலம் புசே-புஷ்கே நோய் என்றே வழங்கிற்று. தோல் நோய் மருத்துவராகப் பிற்காலத்திற் பெரும்புகழ் ஈட்டிய புஷ்கே யூதர் என்ற காரணத்தால் நாசிகளாற் சிறைப்படுத்தப்பட்டு 1943இல் தெரேசியன்ஸ்ரட் முகாமில் இறந்தார் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

புசே மதுவத்தைக் கண்ட அதே 1894இல், இத்தாலியில் பிரான்செஸ்கோ சன்பெலிச்சே என்பார் குழிப்பேரிப் பழச்சாற்றிலிருந்து தடித்த உறையொன்றால் மூடப்பட்ட மதுவமொன்றைப் பெற்றார். அதனை விலங்குகளுக்கு ஊசிமூலம் ஏற்றியபோது அவற்றின் உடலிற் கட்டிகள் போன்றவை தோன்றின. புற்றுநோய்க்கு மதுவங்களே காரணம் என்ற கருத்து அக்காலத்து ஐரோப்பிய மருத்துவரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. சன்பெலிச்சேயும் அக்கருத்தினர். ஆகவே, புதிய வளர்ச்சியை உண்டாக்குவது என்னும் பொருள்பட நியோபோமன்சு எனத் தமது மதுவத்திற்குப் பெயரிட்டார். புற்றுநோய்க் கொள்கை சில ஆண்டுகளுள் மறைந்தொழிந்தது. பெயர் மட்டும் இன்றும் நிலைத்திருக்கின்றது.

ஒருபுறம் நோயுற்ற எலும்பு, மறுபுறம் ஒரு பழத்தின் சாறு. இவ்விரண்டிலும் கிடைத்தது ஒரே உயிர் என்பது அன்று எவருக்கும் புலப்படவில்லை. அது புலப்பட்டிருப்பின், இப்பங்கசு மனிதனுக்கு வெளியே இயற்கையில் வாழ்வது என்ற உண்மை அரைநூற்றாண்டுக்கு முன்னரே வெளிப்பட்டிருத்தல் கூடும்.

1901இல் பிரெஞ்சு அறிஞர் வுயில்மன், இம்மதுவம் வெல்லத்தை நொதிக்கச் செய்வதில்லை என்பதையும், பாண் மதுவத்தைப் போன்று தன் கலத்தினுள் வித்திகளைத் தோற்றுவிப்பதில்லை என்பதையும் கண்டு அதனைக் கிரிப்டோகொக்கசு என்னும் சாதியுட் சேர்த்தார். மறைந்துள்ள மணி என்பது அச்சொல்லின் கிரேக்கப் பொருள். பெயர்களுட் பொருத்தமானது இதுவே எனலாம். 1905இல் வொன் ஹன்சமன் மூளையிற் கூழ்போன்ற நீர்மக் கட்டிகளுடன் காணப்பட்ட நோயொன்றை விவரித்தார். மூளை மென்சவ்வழற்சியாக இந்நோய் இனங்காணப்பட்டது அப்போதுதான். அதன் பின்னரும் பல நோயாளர் கசநோயால் உண்டாகும் மென்சவ்வழற்சிக்கு ஆளானவர் எனவோ, மூளையிற் கட்டி உடையவர் எனவோ கருதப்பட்டு இறந்தனர்.

பிழையான வாசிப்புக்களுள் மிகவும் பயன்தந்தது 1916இல் நிகழ்ந்தது. அமெரிக்க மருத்துவர்களான ஸ்ரொடார்ட், கற்லர் ஆகிய இருவரும் இந்நோய் பற்றி விரிவான ஆய்வுநூல் ஒன்றை வெளியிட்டனர். ஏனைய பங்கசு நோய்களிலிருந்து இதனைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பெருமையும், நரம்புத் தொகுதியின்பால் இதற்குள்ள நாட்டத்தை எடுத்துரைத்த பெருமையும் அந்நூலுக்குரியன. அவர்கள் நோயாளரின் மூளை இழையத்தை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினர். ஒவ்வொரு மதுவக் கலத்தைச் சுற்றிலும் எதுவுமற்ற வெற்றிடம் ஒன்று தென்பட்டது. பங்கசு தன்னைச் சூழ்ந்த இழையத்தைக் கரைத்து உண்பதனாலேயே அவ்வெற்றிடம் தோன்றிற்று என அவர்கள் முடிவு செய்தனர். எனவே, இழையத்தைக் கரைப்பது என்னும் பொருளில் தொருலா ஹிஸ்ரோலிற்றிக்கா எனப் பெயரும் சூட்டினர். தொருலா நோய் என்னும் வழக்கு மருத்துவ உலகிற் பல பத்தாண்டுகள் நீடித்தது.

உண்மையில் அவ்விடம் வெற்றிடமன்று. சாதாரண சாயங்களை ஏற்காத கூழுறையொன்று அங்கு இருந்தது. இவ்வுறையைக் காண்பதற்கு மிக எளிய வழியொன்று உண்டு. நோயாளியின் முண்ணாணைச் சூழ்ந்துள்ள பாய்பொருளில் ஒரு துளியுடன் இந்திய மையைக் கலந்து நோக்குதலே அது. (சீனத்திற் பிறந்து இந்தியாவின் பெயரைப் பெற்ற மை அது, பெயர்கள் வழிதவறுவது மருத்துவத்தில் மட்டுமன்று.) மையிலுள்ள கரித்துணிக்கைகள் உறையை ஊடுருவ மாட்டா. எனவே கரிய வானில் நிலவைச் சூழ்ந்த ஒளிவட்டம் போன்று ஒவ்வொரு கலமும் வெண்ணிற வளையமிட்டுத் தோன்றும். ஆய்வுகூட வசதி குன்றிய வைத்தியசாலைகளில் நோயை உறுதிசெய்ய இம்முறை நெடுங்காலம் கைகொடுத்தது. பங்கசு இழையத்தைத் தாக்கும் ஆயுதத்தைத் தேடியவர் அதனைப் பாதுகாக்கும் கவசத்தையே கண்டனர். கண்டும் அதனைக் கவசமென்று அறிந்திலர்.

1935இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றோடா பென்ஹாம் அம்மையார் வெவ்வேறு பெயர்களில் வழங்கிய மதுவங்களை ஒப்புநோக்கி, நோய்தருவன யாவும் ஓரினத்தைச் சேர்ந்தவை எனக் காட்டினார். பெயர்க்குழப்பம் ஓரளவு தணிந்தது. ஆயின் நோய் எங்கிருந்து வருகின்றது என்னும் வினா அவ்வாறே இருந்தது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றியதாக எவருங் காணவில்லை. 1951இல் செஸ்ரர் எம்மன்ஸ் என்பார் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து மண்ணிலிருந்து இப்பங்கசைப் பிரித்தெடுத்தார். 1955இல் புறாக்களின் கூடுகளிலும் எச்சத்திலும் அது செழித்து வளர்வதைக் காட்டினார். புறாவின் எச்சம் நைதரசன் சேர்வைகள் நிறைந்தது. வேறு பல நுண்ணுயிர் பயன்படுத்த முடியாத கிரியற்றினீன் போன்றவற்றையும் இம்மதுவம் உணவாக்கிக் கொள்ளும். புறாவோ பெரும்பாலும் நோயுறுவதில்லை. அதன் உடல் வெப்பநிலை 41 பாகையை அண்மியது. அவ்வெப்பத்தில் இப்பங்கசு தழைப்பதில்லை. மனிதனின் 37 பாகை அதற்கு ஏற்றதாய் அமைந்தது மனிதனின் தீயூழ் என்றே கூறவேண்டும்.

1975இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தைச் சேர்ந்த குவொன் சுங் அம்மையார் இப்பங்கசின் இலிங்கமுறை இனப்பெருக்க நிலையைக் கண்டறிந்தார். அந்நிலையில் இரண்டு அல்லது மூன்று மைக்கிரோமீற்றர் அளவேயான வித்திகள் உண்டாகின்றன. காற்றில் மிதந்து சுவாசப்பையின் சிற்றறைகள் வரை செல்லக்கூடிய நுண்மை அவ்வித்திகளுக்கு உண்டு. மண்ணில் உலர்ந்து சுருங்கிய மதுவக் கலங்களும் அவ்வாறே உட்செல்லும். இவ்வாறு உட்செல்லுதல் அரிதாக நிகழும் ஒன்றன்று. நியூயோர்க் நகரின் புறொங்ஸ் பகுதிச் சிறுவர்களின் குருதியைச் சோதித்து 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, இரண்டு வயதைக் கடந்தவர்களுட் பெரும்பாலோர் இப்பங்கசிற்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கொண்டிருந்தனர். அதாவது, அவர்கள் யாவரும் எப்போதோ அதனைச் சுவாசித்திருந்தனர், ஆயினும் நோயுறவில்லை. எனவே உண்மையான வினா, பங்கசு எவ்வாறு உடலினுட் புகுகின்றது என்பதன்று. புகுந்த பின்னர் அழியாமல் எவ்வாறு காத்திருக்கின்றது என்பதே.

இவ்வினாவிற்கான விடை அவ்வெற்றிடத்திலிருந்து, அதாவது உறையிலிருந்து தொடங்குகின்றது. அமெரிக்காவின் ஒக்லகோமாவில் கிளென் புல்மர் என்பாரும் அவருடைய துணைவரும் 1967ஆம், 1968ஆம் ஆண்டுகளில் உறையற்ற விகாரிகளைப் பெற்று, அவற்றைத் தின்குழியங்கள் எளிதில் விழுங்குவதைக் காட்டினர். உறையின் பொருளாகிய பல்சக்கரைட்டைத் தனியே பிரித்து உறையற்ற கலங்களுடன் சேர்த்தபோது விழுங்கப்படுவது தடைப்பட்டது. உறையின் பருமன் நிலையானதன்று. மண்ணில் அது மெலிந்து காணப்படும். உடலினுட் பன்மடங்கு தடிக்கும். இம்மாற்றத்தைத் தூண்டும் சைகைகளுள் ஒன்று காபனீரொட்சைட்டு என்பது 1985இல் நிறுவப்பட்டது. வெளிக் காற்றில் அவ்வாயு நூற்றுக்கு 0.04 பங்களவே, சுவாசப்பையினுள் ஏறத்தாழ 5 பங்கு. உயிருள்ள உடலொன்றினுள் வந்துவிட்டதை இம்மதுவம் அவ்வுடல் வெளிவிடும் மூச்சைக் கொண்டே உணர்ந்துகொள்கின்றது எனலாம். 1994இல் குவொன் சுங் அம்மையாரும் சாங் என்பாரும் உறையை ஆக்குவதற்குத் தேவையான பரம்பரையலகு ஒன்றை நீக்கினர். அப்பங்கசு எலிகளைக் கொல்லும் ஆற்றலை இழந்தது. அதே அலகை மீண்டும் புகுத்தியதும் உறையும் திரும்பியது, கொல்லும் ஆற்றலும் திரும்பியது. ஐயத்திற்கு இனி இடமில்லை.

இரண்டாவது காப்பு, கருநிறம். 1962இல் ஜேர்மானிய ஆய்வாளர் ஸ்ரைப், கூண்டுப் பறவைகளுக்கு இரையாக இடப்படும் நைகர் விதையின் சாற்றைச் சேர்த்த வளர்ப்பூடகத்தில் இப்பங்கசு கபில நிறமாக மாறுவதை அவதானித்தார். ஏனைய மதுவங்கள் வெண்மையாகவே நின்றன. பறவையின் எச்சத்தை ஆராய்ந்தவர் பறவையின் இரையைச் சோதித்ததில் வியப்பில்லை. ஆனால் அதிலிருந்து கிடைத்தது நோயியலின் திறவுகோல் ஒன்று. விதையிலுள்ள பீனோற் சேர்வைகளை லக்கேசு என்னும் நொதியத்தின் துணையால் மெலனினாக மாற்றித் தன் கலச்சுவரிற் படியச் செய்கின்றது இப்பங்கசு. மனிதத் தோலுக்கு நிறமளிப்பதும் மெலனின் என்னும் இவ்வகைப் பொருளே. தின்குழியங்கள் தாம் விழுங்கியதை அழிப்பதற்குச் சொரியும் ஒட்சியேற்றும் நஞ்சுகளை மெலனின் ஏற்று வலுவிழக்கச் செய்யும். 1982இல் வெளிவந்த ஆய்வுகள், மெலனினை ஆக்கவியலாத விகாரிகள் எலிகளில் வீரியங்குன்றியிருப்பதை உணர்த்தின. மூளையோ டோபமீன், நோரதிரனலீன் முதலிய சேர்வைகளைக் கொண்ட உறுப்பு. அவை லக்கேசு நொதியத்திற்கு உகந்த மூலப்பொருள்கள். மூளையை இப்பங்கசு நாடுவதன் காரணம் இதுவே எனச் சிலர் கருதினர். இது முழுமையான விளக்கமன்று எனினும் புறந்தள்ளத்தக்கதுமன்று.

வெப்பத்தைத் தாங்குவதற்குக் கல்சினியூரின் என்னும் புரதம் இன்றியமையாதது என்பது 1997இல் அறியப்பட்டது. உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் நிர்ப்பீடனத்தை அடக்க வழங்கப்படும் மருந்துகள் தாக்குவதும் மனித உடலிலுள்ள இதே வகைப் புரதத்தையே.

இக்காப்புக்கள் யாவும் இருந்தும் தின்குழியங்கள் பல வேளைகளிற் பங்கசை விழுங்கிவிடுகின்றன. வேறு நுண்ணுயிர்களின் கதை அவ்விடத்தில் முடியும். இப்பங்கசின் கதை அங்குதான் தொடங்குகின்றது. தின்குழியத்தினுள் உள்ள அமிலஞ்சார்ந்த அறையில் அது இறவாது தங்கி, அரும்பிப் பெருகுகின்றது. 2006இல் இரு வேறு ஆய்வுக்குழுவினர் தனித்தனியே விந்தையான நிகழ்ச்சியொன்றைப் படம்பிடித்தனர். உயிருள்ள தின்குழியமொன்று தான் விழுங்கிய மதுவத்தை முழுமையாக வெளியே உமிழ்கின்றது. தின்குழியமும் சாவதில்லை, மதுவமும் சாவதில்லை. வேறு சில கலங்கள் சுவாசப்பையிற் பூதாகாரமாக வீங்கி, வழமையான 4 முதல் 10 மைக்கிரோமீற்றர் அளவைக் கடந்து, சில வேளைகளில் 100 மைக்கிரோமீற்றர் வரை பெருக்கின்றன. அப்பருமனை விழுங்கவல்ல குழியம் உடலில் இல்லை.

இவ்வாறு எவ்வளவு காலம் தங்கலாம்? இதற்குச் சான்று பிரான்சிலிருந்து கிடைத்தது. ஆபிரிக்காவிற் பிறந்து பிரான்சிற் குடியேறி, அங்கு இந்நோய்க்கு ஆளான ஒன்பது நோயாளரின் பங்கசுகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டனர். அவை ஐரோப்பாவிற் காணப்படும் வகைகளை ஒவ்வாது, ஆபிரிக்க வகைகளையே ஒத்திருந்தன. அந்நோயாளர் ஆபிரிக்க மண்ணை நீங்கி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறந்த மண்ணிற் சுவாசித்த மதுவத்தை அவர்கள் தம்முடலிற் சுமந்துகொண்டே கடல்கடந்தனர் என்பதே பொருத்தமான விளக்கம்.

காத்திருந்த பங்கசு, நிர்ப்பீடனம் தளர்ந்ததும் குருதியிற் கலக்கின்றது. மூளையைக் காக்கும் குருதி-மூளைத் தடுப்பை அது பலவாறாகக் கடக்கும். குருதி மயிர்க்குழாய்களின் ஒடுங்கிய இடங்களிற் சிக்கி நின்று, குழாய்ச்சுவரின் கலங்களை ஊடுருவி அப்பாற் செல்வது ஒரு வழி. உயிருள்ள எலிகளின் மூளையில் இதனை நேரிற் கண்டு 2010இல் எழுதினர். யூரியாவைச் சிதைக்கும் நொதியம் இதற்குத் துணைசெய்கின்றது. மண்ணில் நைதரசனைப் பெறுவதற்குப் பயன்பட்ட நொதியம் அது. தின்குழியத்தினுள் ஒளிந்திருந்து, அக்குழியம் மூளைக்குட் செல்லும்போது தானுஞ் செல்வது மற்றொரு வழி. காவலாளியின் மடியிலேயே கள்வன் கோட்டையினுட் புகுவதை இது ஒக்கும்.

மூளையை அடைந்தபின் நிகழ்வதை அழற்சி என்று அழைப்பது ஒரு வகையிற் பொருந்தாது. ஏனெனில், எயிட்ஸ் நோயாளர் பலரின் முண்ணாண் பாய்பொருளில் வெண்குழியங்கள் மிகச் சிலவாகவும் மதுவங்கள் எண்ணிறந்தனவாகவும் காணப்படும். உடல் தன் எதிர்ப்பை ஏறக்குறையக் கைவிட்ட நிலை அது. அதனாலேயே நோயும் மெல்லமெல்ல வருகின்றது. கிழமைக்கணக்கில் நீடிக்கும் தலையிடி, மங்கும் பார்வை, தடுமாறும் அறிவு; கழுத்து விறைப்பு இல்லாமலும் போகலாம். உறையிலிருந்து கழன்ற கூழ்ப்பொருளும் திரண்ட மதுவங்களும் பாய்பொருள் வடியும் வழிகளை அடைப்பதனால் மண்டையோட்டினுள் அமுக்கம் ஏறுகின்றது. பலரைக் கொல்வது இவ்வமுக்கமே. முதுகில் ஊசி செலுத்திப் பாய்பொருளை வடித்துவிடும் எளிய செயல், மருந்துக்கு இணையாக உயிர்காப்பது இதனாலேதான்.

இத்துணை ஆற்றல்களும் மனிதனை நோக்கித் தோன்றியனவா? அவ்வாறு கொள்வதற்குப் பெருந்தடை ஒன்றுண்டு. நோயாளியிடமிருந்து இப்பங்கசு வேறெவருக்கும் பரவுவதில்லை. அவன் இறந்தால் அவனுள் இருந்த மதுவமும் அவனுடன் முடிந்துவிடும். மனித உடல் அதற்கு முட்டுச் சந்து. முட்டுச் சந்தில் நடப்பதற்கெனப் பரிணாமம் கால்களை வளர்ப்பதில்லை. அங்ஙனமாயின் இவற்றை அது எங்கு பெற்றது?

விடையை அளித்தது அமீபா. இதற்கு இலங்கை மருத்துவ வரலாற்றுடன் தொடர்புடைய முன்கதை ஒன்று உண்டு. இத்தாலியரான அல்டோ கஸ்ரெலானி 1903இல் கொழும்புக்கு அரசாங்கப் பற்றீரியவியலாளராக வந்து, 1915 வரை இங்கு பணியாற்றினார். பறங்கிப்புண்ணின் காரணியை 1905இல் அவர் கண்டறிந்தது இங்கேதான். இலங்கையை நீங்கிப் பல ஆண்டுகள் கழித்து, 1930இல், மதுவமொன்றை வளர்த்த தட்டில் அழையாது வந்த அமீபா ஒன்று அம்மதுவத்தை உண்டு பெருகுவதை அவர் கண்டார். அம்மதுவம் நோய்தரும் இனமன்று. ஆயினும் அவ்வமீபாவிற்கு அவர் பெயரே சூட்டப்பட்டு அக்கந்தமீபா கஸ்ரெலானி என வழங்கலாயிற்று. 1979இல், முன்னர் உறையை ஆராய்ந்த அதே புல்மரின் ஆய்வுகூடத்தார், மண்ணில் வாழும் அமீபாக்கள் நோய்தரும் கிரிப்டோகொக்கசையும் விரும்பி உண்பதைக் கண்டு, இயற்கையில் இப்பங்கசைக் கட்டுப்படுத்துபவை அமீபாக்களே எனக் கருதினர். அவர்கள் பார்த்தது அமீபாவின் வெற்றியை. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின், 2001இல், நியூயோர்க்கில் ஸ்ரீன்பேர்கன், சூமன், கசடவால் ஆகிய மூவரும் கஸ்ரெலானியின் பெயர் தாங்கிய அவ்வமீபாவையே கொண்டு பரிசோதனை செய்தபோது மதுவத்தின் வெற்றியைப் பார்த்தனர். உறையுடைய மதுவம் அமீபாவினால் விழுங்கப்பட்ட பின்னரும் அதனுட் பெருகி ஈற்றில் அதனைக் கொன்றது, உறையற்றது அழிந்தது. தின்குழியத்தினுள் நிகழ்வன ஒன்றன்பின் ஒன்றாக அமீபாவினுள்ளும் நிகழ்ந்தன.

அமீபாவும் தின்குழியமும் ஊர்ந்து சென்று, சூழ்ந்து விழுங்கி, அமிலத்தாற் செரிக்கும் உயிர்க்கலங்கள். மண்ணில் அமீபாவிடமிருந்து தப்புவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பயின்ற உயிர் ஒன்று, சுவாசப்பையில் தின்குழியத்தைச் சந்திக்கும்போது அதனைப் புதியதொரு பகைவனாகக் கருதவேண்டியதில்லை. இவ்விளக்கத்திற்குக் குறையும் உண்டு. அமீபாவிடமிருந்து இழைவடிவெடுத்துத் தப்பும் சில விகாரிகள் எலிகளுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. எனவே அமீபாவிடம் பெற்ற திறன் ஒவ்வொன்றும் விலங்குடலில் அவ்வாறே பயன்படும் எனக் கூறமுடியாது. வெப்பம் தாங்கும் இயல்பையும் அமீபா கற்பித்ததென்பதற்கில்லை. எனினும், நோய் என்பது மனிதனை இலக்காகக் கொண்ட போர் என்ற பழைய எண்ணத்தைக் காட்டிலும் இது உண்மைக்கு மிக அண்மையிலுள்ளது.

இவ்விளக்கம், இந்நோய் ஏன் நெடுங்காலம் அரிதாயிருந்தது என்பதையும் தெளிவாக்குகின்றது. நலமுள்ள மனிதனின் தின்குழியம் தனித்துப் போரிடுவதில்லை. அதற்கு ஆணையிட்டு ஊக்குவிக்கும் ரீ குழியங்கள் உண்டு. அமீபாவிற்கு அத்தகைய துணை இல்லை. ரீ குழியங்களை அழிக்கும் வைரசு ஒன்று மனிதரிடையே பரவியபோது தின்குழியம் அமீபாவின் நிலைக்குத் தாழ்ந்தது. 1981இல் எயிட்ஸ் இனங்காணப்பட்டதன் பின், மருத்துவ மாணவர் ஏட்டில் மட்டும் கண்டிருந்த இந்நோய் ஆபிரிக்க வைத்தியசாலைகளின் அன்றாட நோயாயிற்று. 2009இல் வெளியான மதிப்பீடொன்று ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் நோயாளர் எனவும், ஆறு இலட்சத்திற்கு மேற்பட்ட மரணங்கள் எனவும் கணித்தது. வைரசை அடக்கும் மருந்துகள் பரவியதன் பின் எண்ணிக்கை குறைந்தது. 2020ஆம் ஆண்டிற்கான கணிப்பு 152,000 நோயாளர், 112,000 மரணம். நோயாளர் தொகை குன்றிய அளவிற்கு, நோயுற்றோருட் சாவோரின் விகிதம் குன்றவில்லை என்பதை இவ்வெண்களே உணர்த்தும்.

இதற்குக் காரணம் மருந்தின்மை அன்று, மருந்து சென்றடையாமையே. 1950கள் வரை இந்நோய் வந்தவர் பிழைப்பது அரிது. அப்பத்தாண்டில், வெனிசுவேலாவின் ஒறினோக்கோ ஆற்றுப்புறத்து மண்ணிலிருந்த நுண்ணுயிரொன்றிலிருந்து அம்போதெரிசின் பெறப்பட்டது. மண்ணின் பகைக்கு மண்ணே மருந்தீந்தது. எனினும் அது நாளத்தினூடாக நாட்கணக்கிற் செலுத்தப்படவேண்டியது, சிறுநீரகத்தைக் கெடுப்பது. அதனுடன் சேர்த்து வழங்கப்படும் புளூசைற்றோசின் 1957இல் புற்றுநோய்க்கென ஆக்கப்பட்டு, அந்நோயிற் பயனற்றுப்போன பொருள். புற்றுநோயின் காரணியெனப் பிழையாகப் பெயர்சூட்டப்பட்ட பங்கசுக்கு, புற்றுநோயைத் தீர்க்கத் தவறிய மருந்து உதவிற்று. மிகப் பழைய இம்மருந்து, நோய் மலிந்த பல ஆபிரிக்க நாடுகளில் நெடுங்காலம் பதிவுகூடச் செய்யப்படாமல் இருந்தது. 1990இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற புளூக்கொனசோல் விழுங்குதற்கு எளியது. ஆயினும் தனித்து வழங்கப்படின் இந்நோயை விரைந்து அடக்க அது போதாது. அவ்வாறிருந்தும், வேறொன்றும் கிடைக்காமையால் அதனை மட்டும் பெற்றுப் பலர் இறந்தனர்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பொற்சுவானா, மலாவி, தென்னாபிரிக்கா, உகண்டா, சிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளின் வைத்தியசாலைகளில் நடத்தப்பட்ட பரிசோதனையின் முடிவுகள் வெளிவந்தன. கொழுப்புத் துணிக்கைகளில் அடக்கப்பட்ட அம்போதெரிசினை ஒரேயொரு தடவை மிகுந்த அளவில் ஏற்றி, ஏனைய இரு மருந்துகளையும் பதினான்கு நாட்கள் விழுங்கக் கொடுத்தனர். பத்துக் கிழமைகளில் இறந்தோர் நூற்றுக்கு 24.8 பேர். ஏழு நாட்கள் அம்போதெரிசின் ஏற்றும் பழைய முறையில் 28.7 பேர். புதிய முறையிற் பக்கவிளைவுகளும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டிலேயே இம்முறையைப் பரிந்துரைத்ததுடன், ஒக்டோபரில் தான் முதன்முறையாக வெளியிட்ட நோய்தரு பங்கசுகளின் பட்டியலில், மிக அவசரக் கவனத்திற்குரிய பிரிவினுள் கிரிப்டோகொக்கசு நியோபோமன்சையும் சேர்த்தது.